நுரையீரல் நோயில் வயிறு ஏன் வலித்தது?

கரோனா அலை அடித்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் காதில் விழுந்ததெல்லாம் ஆக்சிஜன் பேச்சுதான். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் மருத்துவ ஆக்சிஜனில் 80 டன்னை ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் அனுப்ப ஒன்றிய அரசு ஒதுக்கியது. அதை நிறுத்தச் சொல்லி அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மே மாதக் கடைசியில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலும் ஒரகடம் ரெனோ–நிஸான் ஆலையிலும் தொழிலாளர்கள் உயிர்ப் பாதுகாப்பு கேட்டுக் குரல் எழுப்பினார்கள். கார் உற்பத்தி சில நாட்கள் நின்றது. ஒரகடம் தொழிலாளர்களின் முறையீடு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வல்லம் வடகால் சிப்காட்டில் ஷிஃப்ட்டுக்குப் போகும் பேருந்துகளில் யார் இருமினாலும் மற்றவர்கள் திரும்பிப் பார்த்த காலம் அது.

எல்லோருடைய கவனமும் மூச்சின் மீது இருந்தபோது, சிலருக்கு வயிறு வலித்தது.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் கரோனாவில் வருவது சீக்கிரமே தெரிந்துபோனது. குடலின் உட்சுவரில் இந்த வைரஸ் நுழையக்கூடிய செல்கள் நிறைய உண்டு. ஆனால் இந்தச் சிலருக்கு வந்த வலி வேறு மாதிரி. மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரைக்கும் குடைந்துகொண்டு போகும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘லைப்பேஸ்’ என்ற வரிக்கு எதிரே எண் எகிறியிருக்கும். “கணையம் வீங்கியிருக்கு” என்பார் டாக்டர்.

மூக்கு வழியே நுழைந்து நுரையீரலைப் பிடித்த கிருமிக்கும், இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம்? கரோனாதான் அந்த வீக்கத்தைக் கொண்டுவந்ததா, அல்லது இரண்டும் ஒரே வாரத்தில் தற்செயலாக வந்து சேர்ந்தனவா?

பூட்டி அனுப்பப்படும் நொதிகள்

கணையம் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், 100 கிராமுக்குள் எடை. அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: இன்சுலின் சுரப்பது. ஜெர்மானிய மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் 1869இல் கண்டு சொன்ன செல் திட்டுகள் அதைச் செய்கின்றன. மொத்தக் கணையத்தில் அவை 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. மீதிப் பெரும்பகுதி முழுக்கச் செரிமானச் சாறு தயாரிக்கும் கூடம். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சாறு சுரந்து, ஒரு குழாய் வழியே சிறுகுடலின் தொடக்கத்தில் கொட்டுகிறது.

அந்தச் சாற்றில் இருப்பவை நொதிகள், அதாவது உணவைச் சிறு துண்டுகளாக வெட்டும் என்சைம்கள். மாவுச்சத்தை வெட்டுவது அமைலேஸ், கொழுப்பை வெட்டுவது லைப்பேஸ், புரதத்தை வெட்டுவது டிரிப்சின். மட்டனைக் கரைக்கும் நொதி, அதைத் தயாரிக்கும் கணையத்தை ஏன் கரைப்பதில்லை? கணையமும் புரதமும் கொழுப்பும்தானே?

ஒரகடத்துப் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பிரஸ் மெஷினில் நின்றவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலச்சு கீழே இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. புரதத்தை வெட்டும் நொதியைக் கணையமும் இப்படித்தான் பூட்டி வைத்திருக்கிறது. டிரிப்சின் அங்கே டிரிப்சினாக இருப்பதில்லை. செயலற்ற முன்வடிவமாகவே புறப்படுகிறது. சிறுகுடலுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, குடல் சுவரில் உள்ள மற்றொரு நொதி அதைத் தொட்டால்தான் பூட்டு திறக்கும். அதன் பிறகு டிரிப்சினே மற்ற நொதிகளைத் திறந்துவிடும்.

இந்தப் பூட்டு குடலுக்குப் போகும் முன்பே கணையத்துக்குள் திறந்துகொண்டால் அதுதான் கணைய அழற்சி. அழற்சி என்றால் திசு காயப்பட்டுச் சிவந்து வீங்குவது. கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது என்ற கருத்தை ஹான்ஸ் கியாரி 1896இலேயே முன்வைத்தார். பெரும்பாலானோருக்கு இந்த வீக்கம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சுமார் ஐந்தில் ஒருவருக்கு அடங்காது; நீர் கோத்து, திசு அழுகி, சிறுநீரகமும் நுரையீரலும் சேர்ந்து தடுமாறும்.

பூட்டைத் திறக்கும் காரணங்களில் முதல் இரண்டு இடங்கள் பித்தப்பைக் கல்லுக்கும் மதுவுக்கும். பித்தமும் கணையச் சாறும் குடலுக்குள் இறங்கும் பொது வாயில் பித்தப்பைக் கல் நழுவி வந்து அடைத்துக்கொண்டால் சாறு பின்னுக்குத் தேங்கும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினாலும் ஆபத்து. சில மருந்துகளும் காரணமாகலாம். டிரினிடாட் தீவில் ஒரு வகைத் தேள் கொட்டினால்கூட வரும். வைரஸ்களும் பட்டியலில் பழைய ஆட்கள்தான்; புட்டாளம்மை, காக்ஸாக்கி வைரஸ் இரண்டும் கணையத்தைத் தாக்கும் என்பது கரோனாவுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே தெரியும். ஆகவே புதிய வைரஸ் மீது சந்தேகம் விழுந்தது இயல்பு.

வைரஸ் அங்கே வரை போகுமா?

சந்தேகம் நிற்க வேண்டுமானால், வைரஸ் கணையத்துக்குள் நுழைய வழி இருக்க வேண்டும். கரோனா வைரஸ் செல்லுக்குள் போக ஏசிஇ2 என்ற ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். இது நுரையீரலில் உண்டு, குடலில் உண்டு, சிறுநீரகத்தில் உண்டு. கணையத்திலும் உண்டு என்று 2020இன் தொடக்க மாதங்களிலேயே சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆனால் கணையத்தில் எங்கே? இதில் ஆய்வகங்கள் ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டு இரண்டு அமெரிக்கக் குழுக்கள் கணையத் திசுக்களைச் சாயமிட்டுப் பார்த்தன. இன்சுலின் சுரக்கும் செல்களில் ஏசிஇ2 பெரிதாகத் தென்படவில்லை என்றும், சாறு ஓடும் குழாய்களிலும் நுண் ரத்தக் குழாய்களிலும்தான் இருக்கிறது என்றும் அவை சொல்லின. 2021இல் ஜெர்மனியின் உல்ம் நகரக் குழு ஒன்று, கரோனாவில் இறந்தவர்களின் கணையத்திலேயே வைரஸின் தடயத்தைக் கண்டது. இன்சுலின் செல்கள், சாறு சுரக்கும் செல்கள் இரண்டிலும் அது இருந்தது. ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் கணையச் செல்களில் அந்த வைரஸ் பெருகவும் செய்தது.

ஆக, வைரஸால் கணையம் வரை போக முடியும். போகாமலேயே கணையத்தைக் கெடுக்கவும் வழிகள் இருக்கின்றன. ரத்த அழுத்தம் இறங்கி ஆக்சிஜனும் குறைந்தால் கணையத்துக்கு வரும் ரத்தம் வற்றும். கரோனாவில் நுண் குழாய்களில் ரத்தம் உறைவது நன்றாகவே பதிவானது. நோய் எதிர்ப்பு ஆற்றல் கட்டு மீறிப் பொங்கும்போது எந்த உறுப்பும் வீங்கலாம். சிகிச்சைக்குக் கொடுத்த சில மருந்துகள் டிரைகிளிசரைடை ஏற்றக்கூடியவை. வைரஸிலிருந்து மருந்துச் சீட்டு வரை சந்தேகப்பட ஆட்கள் உண்டு.

முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. நடந்ததா என்று அறிய நோயாளிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். தடுமாற்றம் தொடங்கியது அங்கேதான்.

வூஹானின் 17 சதவீதம்

வூஹானில் கரோனா நிமோனியாவோடு படுத்திருந்த 52 பேரின் ரத்தத்தை மருத்துவர்கள் பார்த்தார்கள். 9 பேருக்கு அமைலேஸோ லைப்பேஸோ அளவுக்கு மேல் இருந்தது. 52இல் 9 என்றால் 17 சதவீதம். 2020இல் வெளிவந்த அந்தக் கட்டுரை இதைக் ‘கணையப் பாதிப்பு’ என்று அழைத்தது. ஆறில் ஒரு கரோனா நோயாளிக்குக் கணையம் கெடுகிறது என்று அந்த எண் ஊர் ஊராகப் பரவியது.

எண்ணில் தவறில்லை, அதற்கு வைத்த பெயர்தான் பொருந்தவில்லை. அமைலேஸ் கணையத்தில் மட்டும் சுரப்பதில்லை, உமிழ்நீரிலும் இருக்கிறது. ரத்தத்திலிருந்து இந்த நொதிகளை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு. அது தளர்ந்தால் நொதி தேங்கும். குடல் புண்பட்டாலும் லைப்பேஸ் கொஞ்சம் ஏறும். கடும் கரோனா நோயாளிக்கு இவை மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கலாம். நொதி சற்று ஏறியிருக்கிறது என்பதை வைத்துக் கணையம் காயப்பட்டது என்று தீர்ப்பளிக்க முடியாது.

இதற்காகவே மருத்துவ உலகம் ஒரு வரையறையை வைத்திருக்கிறது. அட்லாண்டா வரையறை என்று பெயர், 2012இல் திருத்தப்பட்டது. மூன்று அடையாளங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: கணையத்துக்கே உரிய மேல் வயிற்று வலி, அமைலேஸ் அல்லது லைப்பேஸ் இயல்பின் மேல் எல்லையைவிட மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கேனில் வீக்கம் தெரிவது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் லைப்பேஸின் மேல் எல்லை 60 என்றால், 85 என்று வந்த சீட்டைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 180ஐத் தாண்டி, வலியும் இருந்தால் அது கணைய அழற்சி.

ஸ்பெயினின் அலிகான்டே நகரைச் சேர்ந்த கணைய மருத்துவர் என்ரிகே தெ மதரியா, இந்த அவசரத் தீர்ப்புகளை எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர். கரோனாவும் கணைய அழற்சியும் ஒருவரிடம் ஒன்றாக இருப்பது, ஒன்றினால் மற்றொன்று வந்ததற்குச் சாட்சி ஆகாது என்பது அவர் வாதம். அவர் பெயர் இந்த அத்தியாயத்தில் இன்னொரு முறையும் வரும்.

கோபன்ஹேகனில் ஒரு குடும்பம்

எதிர்த் தரப்பிலும் வலுவான கதை ஒன்று இருந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் இருவருக்குக் கடுமையான கணைய அழற்சி. மருத்துவர்கள் பித்தப்பைக் கல்லைத் தேடினார்கள், மதுவைப் பற்றிக் கேட்டார்கள். வழக்கமான காரணம் எதுவும் அகப்படவில்லை. ஒரு வீட்டில், ஒரு தொற்றில், இரண்டு கணையங்கள்.

இதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். ஆனால் குடும்பத்துக்குள் பொதுவாக இருப்பது வைரஸ் மட்டும் அல்ல. மரபணுவும் பொது, சாப்பாடும் பொது. ஒரு குடும்பத்தின் கதை நம்மை யோசிக்க வைக்கும், முடிவு கட்ட உதவாது. அதற்குப் பெரிய எண்கள் வேண்டும்.

நியூயார்க் கணக்கு

பெரிய எண்கள் நியூயார்க்கிலிருந்து வந்தன. அங்குள்ள நார்த்வெல் என்ற மருத்துவமனைக் குழுமத்தில், 2020இன் முதல் அலையின்போது சேர்ந்த 48,012 உள்நோயாளிகளின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். அட்லாண்டா வரையறையைக் கறாராகப் பின்பற்றினார்கள். வெறும் நொதி ஏற்றத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

கணைய அழற்சியோடு வந்தவர்கள் 189 பேர். அவர்களில் 32 பேருக்குக் கரோனா இருந்தது. 189இல் 32 என்றால், தற்செயலாக அதுவும் 17 சதவீதம்! வூஹானின் எண்ணேதான் மறுபடி வந்துவிட்டது என்று மேலோட்டமாகப் படிப்பவர் நினைத்துவிடுவார். இரண்டு 17களும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். வூஹானில் வகுக்கும் எண் கரோனா நோயாளிகள். இங்கே வகுக்கும் எண் கணைய அழற்சி நோயாளிகள். சதவீதத்தைக் கேட்டதும் ‘எதில்?’ என்று கேட்காவிட்டால் இப்படித்தான் வழுக்கும்.

சரியான கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். கரோனாவோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குக் கணைய அழற்சி இருந்தது? அந்த 48,012 பேரில் கரோனா உள்ளவர்கள் 11,883. அதில் 32. வகுத்தால் 0.27 சதவீதம். ஆயிரம் கரோனா உள்நோயாளிகளில் மூன்று பேருக்கும் குறைவு. ஆறில் ஒருவர் என்ற பயம் ஆயிரத்தில் மூவராகச் சுருங்கிவிட்டது.

அடுத்து, கரோனா இல்லாதவர்களையும் அதே தராசில் வைக்க வேண்டும். 48,012இல் 11,883ஐக் கழித்தால் 36,129. கணைய அழற்சி வந்தவர்கள் 189இல் 32 போக 157. 36,129இல் 157 என்பது 0.43 சதவீதம்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருக்கிறது. கரோனா இல்லாத உள்நோயாளிகளிடம்தான் கணைய அழற்சி அதிகம். அப்படியானால் கரோனா கணையத்தைக் காக்கிறதா? நிச்சயம் இல்லை. மருத்துவமனைக்குள் மக்கள் எந்தக் காரணத்துக்காக வந்தார்கள் என்பதில் இருக்கிறது விடை. கரோனா நோயாளிகள் பெரும்பாலும் மூச்சுத் திணறலுக்காக வந்தவர்கள். மற்றவர்கள் நெஞ்சு வலி, எலும்பு முறிவு, பித்தப்பைக் கல், வயிற்று வலி என்று பலவற்றுக்காக வந்தவர்கள். கணைய அழற்சிக்காகவே வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில்தான். இரண்டு கூட்டங்களும் ஒரே மாதிரி சேர்ந்தவை அல்ல. எனவே 0.27ஐயும் 0.43ஐயும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பதில் பயன் குறைவு. கரோனா நோயாளிகளிடம் கணைய அழற்சி வெள்ளமாக வரவில்லை என்பதை மட்டும் அந்த எண்கள் உறுதியாகச் சொல்கின்றன.

இத்தோடு விட்டிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். ஆய்வாளர்கள் இன்னொரு பட்டியலும் போட்டார்கள்: ஒவ்வொருவருக்கும் கணைய அழற்சி எதனால் வந்தது? கரோனா இல்லாதவர்களில் 21 சதவீதத்தினருக்கு, அதாவது 157இல் 33 பேருக்கு, காரணம் தெரியவில்லை. இது வழக்கமான அளவுதான். கரோனா உள்ளவர்களிலோ 69 சதவீதத்தினருக்குக் காரணம் தெரியவில்லை. 32இல் 22 பேர்! கல்லும் இல்லை, மதுவும் இல்லை. அந்தக் காலியிடத்தில் வைரஸை உட்கார வைக்கத் தோன்றும்.

உட்கார வைக்கலாமா? அதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். முதல் அலையில் தொற்றுள்ள நோயாளியின் அறைக்குள் ஸ்கேன் கருவியைக் கொண்டுபோவதே பெரும்பாடு. வென்டிலேட்டரில் இருப்பவரிடம் மதுப் பழக்கத்தைக் கேட்க முடியாது. தேடல் குறைந்தால் ‘காரணம் தெரியாதவர்’ எண்ணிக்கை தானாகவே கூடும். 22இல் சிலர் அப்படிச் சேர்ந்திருக்கலாம். ஆனால் 21க்கும் 69க்கும் இடையிலான இடைவெளி முழுவதையும் தேடல் குறைவு என்று சொல்லி நிரப்ப முடியுமா என்பது சந்தேகம்தான். கோபன்ஹேகன் குடும்பமும் உல்ம் ஆய்வகமும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன.

இதுவரை உள்ள சான்றுகளை வைத்து ஒரு நியாயமான நடுவர் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கரோனா வைரஸ் கணையத்தை வீங்க வைக்க வல்லது, அபூர்வமாக வீங்க வைத்தும் இருக்கிறது, பரவலாக வைக்கவில்லை.

18,720 பேரில்

இந்தக் கணக்கை வல்லம் வடகாலுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். கைபேசித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்காக அங்கே சிப்காட் கட்டிய விடுதியை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் திறந்துவைத்தார்கள். 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பேர் தங்குவதற்கான இடம். பெரிய அலைகள் ஓய்ந்த பிறகு திறந்த விடுதி இது. கரோனா வைரஸ் ஊரைவிட்டுப் போய்விடவில்லை, சளிக் காய்ச்சலோடு சேர்ந்து அவ்வப்போது தலைகாட்டுகிறது. அதனால் இந்தக் கற்பனைக் கணக்குக்கு இடம் பொருத்தமானது.

உலக சராசரியில் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 34 பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. அந்த விகிதத்தில் 18,720 பேரில் ஆண்டுக்கு 6 பேர். இங்கே இருப்பவர்கள் இளம் பெண்கள் என்பதால் எண் இன்னும் குறையலாம். எப்படிப் பார்த்தாலும், கரோனா என்ற ஒன்றே உலகில் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருவர் இந்த வலியோடு ஆம்புலன்ஸில் ஏறுவார்.

இப்போது ஒரு மாதத்தில் விடுதியின் பாதிப் பேருக்குக் கரோனா பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதத்தில் யாராவது ஒருவருக்குக் கணைய அழற்சி வந்தால், அவருக்குக் கரோனாவும் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, கரோனா ஒரு பாவமும் செய்யாவிட்டாலும்கூட. “காய்ச்சல் வந்தது, ரெண்டு நாளில் கணையம் வீங்கிடுச்சு” என்று அறைத் தோழி சொல்வது பொய்யில்லை. அவள் பார்த்ததை அப்படியே சொல்கிறாள். காரணத்தை உறுதி செய்ய அந்த ஒரு சம்பவம் போதாது, அவ்வளவுதான்.

நியூயார்க்கின் 0.27 சதவீதத்தை எடுத்து இந்த 18,720ஆல் பெருக்கிவிடவும் கூடாது. அது மருத்துவமனையில் படுக்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களிடம் எடுத்த எண். விடுதியில் மூன்று நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களுக்கு அது பொருந்தாது.

ஒன்று நீர் கேட்கும், மற்றொன்று நீர் தாங்காது

வைரஸ்தான் காரணமா என்ற வாதம் ஒருபுறம் நடக்கட்டும். இரண்டு நோய்களும் ஒரே உடலில் சேர்ந்துவிட்டால் நிலைமை மோசம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிரிட்டனின் நியூகாசிலிலிருந்து சஞ்சய் பாண்டனபோயனா என்ற அறுவை மருத்துவர் ஒருங்கிணைத்த பன்னாட்டு ஆய்வு 1,777 கணைய அழற்சி நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களில் 149 பேருக்குக் கரோனாவும் இருந்தது. அந்த 149 பேருக்கு அழற்சி கடுமையானது, உறுப்புகள் செயலிழப்பது, 30 நாட்களுக்குள் இறப்பது எல்லாமே மற்றவர்களைவிட அதிகம்.

ஏன் என்பதற்கு ஒரு காரணத்தை வார்டில் நின்றாலே பார்க்கலாம். கணையம் வீங்கும்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றுக்குள் தேங்கும். ரத்தம் வற்றும், சிறுநீர் குறையும். அதனால் கணைய அழற்சிக்கு முதல் மருந்தே ரத்தக் குழாய் வழியாக ஏற்றும், ‘குளுக்கோஸ் பாட்டில்’ என்று மக்கள் சொல்லும் அந்தத் திரவம்தான். உண்மையில் பெரும்பாலும் ஏற்றப்படுவது உப்புகள் கலந்த ரிங்கர் லாக்டேட். கரோனாவில் அடிபட்ட நுரையீரலுக்கோ ஒரு குவளை நீர் கூடினாலும் பாரம். ஏற்றிய நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டால் மூச்சு முட்டும். கணையத்துக்காக ஏற்றினால் நுரையீரல் திணறுகிறது. நுரையீரலுக்காக நிறுத்தினால் கணையமும் சிறுநீரகமும் காய்கின்றன. 2021இல் இரவு முழுக்க இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு நின்ற இளம் மருத்துவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கணைய அழற்சிக்கு நீரை வேகமாக, நிறைய ஏற்ற வேண்டும் என்பதுதான் நெடுங்கால நம்பிக்கை. அதைச் சோதித்தவர் முன்பு சொன்ன தெ மதரியா. இந்தியா, இத்தாலி, மெக்சிகோ, ஸ்பெயின் நாடுகளின் மருத்துவமனைகளில் அவர் குழு 249 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வேகமாக, அதாவது கிலோ எடைக்கு மணிக்கு 3 மில்லிலிட்டர். மறுபாதிக்கு நிதானமாக, கிலோவுக்கு ஒன்றரை மில்லிலிட்டர். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 180 மில்லிலிட்டரா 90 மில்லிலிட்டரா என்பதுதான் போட்டி. வேகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடலில் நீர் மிஞ்சியது. நிதானமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம்தான். வேகமாக ஏற்றியதால் நோய் லேசாகவும் இல்லை. ஆபத்து தெரிந்ததும் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2022இல் வெளியானது. கரோனாவுக்காக நடத்திய சோதனை அல்ல இது. ஆனாலும் கணையமும் நுரையீரலும் ஒன்றாகத் திணறும் நோயாளிக்கு இதைவிடப் பயனுள்ள விடை அந்த ஆண்டுகளில் கிடைக்கவில்லை. நிதானமாக ஏற்று, மணிக்கு மணி பார்த்துக் கூட்டிக் குறை.

சாப்பாட்டு விஷயத்திலும் பழைய வழக்கம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கணையம் ஓய்வெடுக்கட்டும் என்று நாள்கணக்கில் பட்டினி போடுவார்கள். இப்போது லேசான நோய் என்றால், வாந்தி நின்று பசி எடுத்ததும் கொழுப்புக் குறைந்த உணவு கொடுக்கச் சொல்கிறார்கள்.

‘கேஸ்’ என்று விட்டுவிடும் வலி

நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் தூங்கி, மதியம் எழுந்து, இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரு வேளையாக்குபவர்களுக்கு வயிற்று வலி புதிதல்ல. மெடிக்கலில் ஒரு கேஸ் மாத்திரை, ஒரு வலி மாத்திரை, அடுத்த ஷிஃப்ட். பெரும்பாலான நாட்களில் அது வெறும் அல்சர் எரிச்சல்தான். அதனாலேயே எது வேறு என்று தெரிந்துவைத்திருப்பது அவசியமாகிறது.

கணைய வலி மணிக்கணக்கில் குறையாது. மேல் வயிற்றிலிருந்து முதுகுக்குப் போகும். வாந்தி எடுத்தாலும் வலி தணியாது. கேஸ் மாத்திரை அசைக்காது. அடிக்கடி மது குடிப்பவர், பித்தப்பைக் கல் உள்ளவர், சர்க்கரையும் கொழுப்பும் கூடியவர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்; சமீபத்தில் கரோனா காய்ச்சல் வந்தவரும்தான். காய்ச்சலுக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

லைப்பேஸ் வலி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். அமைலேஸ் மூன்று நான்கு நாட்களிலேயே இறங்கிவிடும். வலியைப் பொறுத்துப் பொறுத்து ஐந்தாம் நாள் போய் அமைலேஸ் மட்டும் பார்த்தால் ‘ஒன்றுமில்லை’ என்று வரக்கூடும். ஆகவே சீக்கிரம் போவது நல்லது, லைப்பேஸ் பார்ப்பது நல்லது.

வல்லம் வடகாலில் இருப்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையும் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையும் இருக்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டையும் கைகொடுக்கும், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அந்த உரிமை உண்டு. விடுதி வார்டன்களும் லைன் சூப்பர்வைசர்களும் இந்த ஒரு வலியை அடையாளம் கண்டுகொண்டு, லீவு கேட்பவரை நிறுத்தி வைக்காமல் உடனே அனுப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் மேல் வயிறு வலித்து முதுகுக்குப் பாய்ந்தால் 108ஐ அழையுங்கள். டாக்டரிடம் காய்ச்சல் எப்போது வந்தது, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, “லைப்பேஸ் பார்க்கணுமா சார்?” என்று நீங்களே கேளுங்கள்.